பைக் பயணத்துக்குக் காற்றடிக்கும் பம்பு: 150 பிஎஸ்ஐ யாருக்கு வேண்டும்?

கேள்வி, ஜனவரி 6, 2024

"ஜூன் மாதம் மணாலி - லே போகிறோம். அதற்கு முன் ஒத்திகை மாதிரி வால்பாறை - அதிரப்பள்ளி. கையடக்க டயர் இன்ஃப்ளேட்டர் ஒன்று வாங்கணும். 120 பிஎஸ்ஐ, 150 பிஎஸ்ஐ, 160 பிஎஸ்ஐ என்று வருகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. அதிகம் இருப்பதுதானே நல்லது? ட்யூப்லெஸ் டயர், அலாய் வீல். பட்ஜெட் 3000 ரூபாய்."

ஜனவரி 6, இரவு

முதலில் அந்த 150ஐ மறந்துவிடுங்கள். பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு. உங்கள் டயருக்கு வேண்டியது 28இலிருந்து 36க்குள் ஏதோ ஒன்று. செயின் கவர் மேலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்கள். 150 என்பது குழாயின் வாயை அடைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டால் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்ற கணக்கு. லாரி டயருக்கே அவ்வளவு தேவைப்படாது.

கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்று. அதைத்தான் பல டப்பாக்களில் போடமாட்டார்கள். போட்டாலும் எதிரே அழுத்தமே இல்லாதபோது அளந்த எண்ணாக இருக்கும். டயர் நிறைய நிறைய அது இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140/70-17 பின் டயருக்குள் சுமார் 13 லிட்டர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பிஎஸ்ஐ என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு 2.2 மடங்கு. ஆக 28, 29 லிட்டர் வெளிக்காற்றை அந்த இடத்துக்குள் திணிக்கணும். சராசரியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் பம்பு என்றால் மூன்று நிமிடத்தில் வேலை முடியும். 5 லிட்டர் என்றால் ஆறு நிமிடம். உள்ளங்கை அளவுப் பம்பு ஆறு நிமிடம் விடாமல் ஓடினால் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். சில மலிவான பம்புகள் அதற்கு முன்பே தானாக நின்றுவிடும். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், பிறகு எத்தனை நிமிடம் ஆறவிடணும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஜனவரி 7, காலை

நேற்று எழுதாமல் விட்ட பெரிய விஷயம் குழாயும், வால்வில் மாட்டும் அதன் மூக்கும்.

வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் பல்சக்கரம், மறு பக்கம் டிஸ்க், இரண்டுக்கும் நடுவில் ரிம்மிலிருந்து வால்வு எட்டிப் பார்க்கும். கையில் இருக்கும் பம்பின் குழாய் ஒரு ஜாண்கூட இருக்காது. விறைப்பாக வேறு இருக்கும். வால்வு மேலே இருந்தால் பம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கணும். கீழே வந்தால் குழாய் தரையில் இடிக்கும். வண்டியை அரைச் சக்கரம் உருட்டி, வால்வு கடிகாரத்தில் நாலு மணி முள் இருக்கும் இடத்துக்கு வந்தால்தான் எல்லாம் ஒத்துவரும்.

விறைப்பான குழாயில் பம்பின் எடை தொங்கினால் ரப்பர் வால்வு ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். வால்வின் அடியில், ரிம்மோடு சேரும் இடத்தில், பழைய ரப்பராக இருந்தால் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். காற்றடிக்கப் போய் அந்த வெடிப்பைப் பெரிதாக்கிவிட்டால் பஞ்சரைவிட மோசம், பஞ்சர் ஓட்டையில் திணிக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் போட்டு அடைக்கவும் முடியாது. அடுத்த முறை டயர் மாற்றும்போது 90 டிகிரி வளைந்த உலோக வால்வு போடச் சொல்லுங்கள். சின்னச் செலவு. இன்ஃப்ளேட்டர் இல்லாதவர்களுக்கும் நல்லது, பங்க்கில் காற்றடிப்பவருக்கும் முதுகு வலிக்காது.

மூக்கு இரண்டு வகை, திருகுவது, கொக்கி போட்டு அழுத்துவது. கொக்கி சீக்கிரம் மாட்டும், ஆனால் அலாய் ஸ்போக்குகளுக்கு நடுவே அதன் கைப்பிடியை மடக்க இடம் கிடைக்காது. பைக்குக்கு என் ஓட்டு திருகுக்கே. கழற்றும்போது புஸ்ஸென்று போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பகுதி குழாய்க்குள் இருந்த காற்று. மெதுவாகத் திருகிக் கழற்றினால் மட்டும் வால்வு ஊசி அழுந்தியபடியே இருந்து டயர் காற்றும் போகும். ஒரே மூச்சில் கழற்றுங்கள்.

ஜனவரி 7

"விலை கூடினால் தரம் கூடும்தானே" என்று கேட்டவருக்கு: ஓரளவுக்குத்தான். பாதி விலை திரைக்கும் டார்ச்சுக்கும் போன் சார்ஜ் செய்யும் ஓட்டைக்கும் போகிறது. இருட்டில் வால்வைத் தேட அந்த டார்ச் உதவும் என்று நினைப்பீர்கள். அது பம்பின் தலையில் இருக்கும், பம்பு ஒரு பக்கம் பார்க்கும், வால்வு இன்னொரு பக்கம் இருக்கும். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

ஜனவரி 8

பேட்டரி பம்பா, வண்டி பேட்டரியில் இணைக்கும் 12 வோல்ட் ஒயர் பம்பா?

நான் ஒயர் கட்சி. காரணம் சோம்பல். பேட்டரி பம்பைப் பயணத்துக்கு முந்தின நாள் சார்ஜ் போடணும், போடமாட்டேன். வண்டி ஓடினால் வண்டி பேட்டரியில் சார்ஜ் இருக்கும், அவ்வளவுதான் தர்க்கம்.

ஆனால் சில எச்சரிக்கைகள். ஹேண்டில்பாரில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் இந்தப் பம்பு ஓடாது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட்தான். இதற்கு வேண்டியது 12 வோல்ட்டில் 8, 10 ஆம்பியர், அதாவது நூறு வாட் பக்கம். வண்டியோடு வரும் சிகரெட் லைட்டர் மாதிரி சாக்கெட்டையும் நம்ப வேண்டாம், அதன் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பேட்டரியிலிருந்து நேராக, தனி 15 ஆம்பியர் ஃபியூஸோடு ஒரு ஒயர் இழுத்து சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் வெளியே விடுங்கள்.

எல்லாரும் விடும் இடம் இதுதான்: முதலைக் கிளிப்போடு வரும் பம்பு வாங்கினால், பேட்டரியைத் தொட சீட்டைக் கழற்றணும். சீட்டின் மேல் பை, பையின் மேல் மழை உறை, அதன் மேல் வலை, வலையில் ஈரத் துண்டு. அத்தனையையும் அவிழ்த்து ரோட்டோரம் வைத்த பிறகுதான் காற்று.

ஜனவரி 8, கொஞ்சம் கழித்து

"வண்டி பேட்டரி இறங்கிவிடாதா" என்று கேட்டிருக்கிறார்கள். 10 ஆம்பியர், மூன்று நிமிடம் என்றால் அரை ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை, இன்ஜினை அணைத்துவிட்டே அடிக்கலாம். 3, 4 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்ன வண்டி, அதிலும் கிக்கர் இல்லாத வண்டி என்றால் இன்ஜின் ஓடட்டும்.

ஜனவரி 10

பேட்டரி பம்பு வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. விளம்பரத்தில் பேட்டரியின் கொள்ளளவு 12000 எம்ஏஹெச் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 செல்கள். பெயரிலேயே அளவு இருக்கிறது, 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். நல்ல கம்பெனி செல்லே ஒன்று 3500 எம்ஏஹெச் பக்கம்தான் தரும். மலிவுச் செல் 1500, 2000. செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் எடை. உள்ளே இரண்டு செல்லுக்கு மேல் இடமில்லாத சின்ன டப்பாவில் 12000 எப்படி வரும்? வராது.

அதனால் எம்ஏஹெச்சை விட்டுவிட்டு வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 2000 எம்ஏஹெச் செல் ஒன்று 3.7 வோல்ட்டில் 7.4 வாட்-மணி, இரண்டு செல் என்றால் 15 பக்கம். முழுக்கக் காற்றிறங்கிய பின் டயரை நிரப்ப 70 வாட் மோட்டார் நாலு நிமிடம் ஓடினால் 5 வாட்-மணி போகும். ஆக 15 வாட்-மணிப் பம்பு இரண்டு தடவை நிச்சயம், மூன்றாவதுக்கு சாமியைக் கும்பிடணும். பைக்குக்கு இது போதும். மூன்று டயர் ஒரே நாளில் பஞ்சரானால் பிரச்சினை பம்பில் இல்லை.

ஜனவரி 10

இன்னொன்று. பையில் கிடக்கும்போது பட்டன் அழுந்தி அலகு மாறிவிடும். பிஎஸ்ஐயில் இருந்தது கேபிஏவுக்கு (கிலோபாஸ்கல்) போயிருக்கும். நீங்கள் கவனிக்காமல் 32 வைப்பீர்கள். 32 கேபிஏ என்றால் நாலரை பிஎஸ்ஐ சொச்சம். பம்பு இரண்டு நொடி உறுமிவிட்டு நிற்கும். "பம்பு போச்சு" என்று நடுரோட்டில் அதைத் திட்டுவீர்கள். என்னுடன் வரும் ஒருவர் பம்பைத் தட்டி, குலுக்கி, ஊதிக்கூடப் பார்த்தார். 32 பிஎஸ்ஐ என்றால் 220 கேபிஏ, 'பார்' என்ற அலகில் 2.2. இதைப் பம்பின் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிட்டோம்.

ஜனவரி 19

பம்பில் இருக்கும் அழுத்த மானி சரியாகக் காட்டுமா என்று சிலர் சண்டை போட்டிருக்கிறார்கள். என் பக்கம்: மானி சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, எப்போதும் ஒரே மாதிரி தவறினால் போதும். வீட்டில் 30 வைத்து அடியுங்கள். பம்பைக் கழற்றிவிட்டு நல்ல தனி மானியில் பாருங்கள். 28 காட்டினால், மறுநாள் காலையிலும் 28 காட்டினால், இனி 32 வைத்து அடியுங்கள், 30 வரும். ஒருநாள் 28, ஒருநாள் 31 என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பம்பு ஓடும்போது திரையில் தெரியும் எண் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம், டயருக்குள் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் தானாக நின்றபின் சில நொடி விட்டு மறுபடி பட்டனை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

பங்க் மானியோடு ஒப்பிட்டு எது சரி என்று முடிவு செய்யாதீர்கள். ஆயிரம் முறை தரையில் விழுந்த மானி அது. காற்று இலவசமாகத் தரவேண்டும் என்பது பங்க்குகளுக்கு விதி, அதற்காகச் சிமெண்ட் தரையில் இழுபட்ட மானி சரியாகக் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்டிக்கரில் என்ன இருந்தாலும் "முன்னால 25, பின்னால 35" என்று கேட்காமலே அடிக்கும் தம்பிகள் தனிக்கதை.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் வால்பாறை போகும் முன் இதைப் படித்தால் நல்லது.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி ஏறி வால்பாறை போவது பிரச்சினையில்லை. ஊரில் பஞ்சர் கடை உண்டு. அங்கிருந்து சோலையாறு தாண்டி மளுக்கப்பாறை சோதனைச் சாவடி. அதற்கப்புறம் வாழச்சால் வரை காடு. சாவடியில் உள்ளே போன நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், வழியில் நிற்கக்கூடாது.

நாங்கள் போனபோது அந்தக் காட்டு ரோட்டில் ஒரு வளைவில் என் வண்டியின் பின்பக்கம் அசைய ஆரம்பித்தது. முதலில் ரோட்டைத்தான் சந்தேகப்பட்டேன். நின்று பார்த்தால் டயரின் நடுப்பள்ளத்தில் ஒரு கம்பி நுனி, பழைய லாரி டயரிலிருந்து பிரிந்த கம்பி மாதிரி, குண்டூசியைவிடக் கொஞ்சம் தடிமன். எச்சில் தொட்டு வைத்தேன், குமிழி மெதுவாக ஊதிக்கொண்டு வந்தது. மானியில் 19.

பிடுங்கி ஸ்ட்ரிப் போடுவதா, அப்படியே அடித்துக்கொண்டு போவதா? ரோட்டில் பத்தடி தள்ளி யானை லத்தி கிடந்தது. அதில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரிப் யோசனையை உடனே கைவிட்டோம். கம்பியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 36 வரை ஏற்றினேன். சாதாரணமாக வைப்பதைவிடக் கூடுதல், கசிவதற்கென்று ஒரு கையிருப்பு. ஒயர் பக்கவாட்டில் தயாராக வெளியே இருந்தது, ஒரு மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. கழற்றும்போது மட்டும் பித்தளை மூக்கு விரல் நுனியைச் சுட்டுவிட்டது. பம்பு அழுத்திச் சூடாக்கிய காற்று நேராக அங்கேதான் வரும். இப்போது கையுறையைக் கழற்றாமல்தான் தொடுகிறேன்.

வாழச்சால் வருவதற்குள் வழியில் இன்னொரு தடவை அடித்துக்கொண்டோம். சாவடியைத் தாண்டி வெளியே வந்து, டீ சொல்லிவிட்டு, நிதானமாகக் கம்பியைப் பிடுங்கி ஸ்ட்ரிப் போட்டோம். பேன்ட்டுக்குள் ஏறாமல் ஷூவுக்குள் போய்விட்ட அட்டை ஒன்றும் அங்கேதான் அகப்பட்டது.

இதனால்தான் எனக்கு வேகமும் தயார்நிலையும் முக்கியம். கசிவு மெதுவாக இருக்கும்வரை பஞ்சரை எங்கே நின்று சரிசெய்வது என்பது உங்கள் கையில்.

பிப்ரவரி 5

ஒருவர் "ஆணியோடு ஓட்டுவது ஆபத்து இல்லையா" என்கிறார். மெதுவான கசிவு, டயரின் தரை படும் பகுதி, குறைந்த வேகம், இந்த மூன்றும் இருந்தால் ஓட்டலாம். பக்கச் சுவரில் குத்தியிருந்தாலோ அழுத்தம் கண்ணெதிரே இறங்கினாலோ ஓட்டாதீர்கள். பக்கச் சுவருக்கு ஸ்ட்ரிப்பும் உதவாது.

ஸ்ட்ரிப் பற்றி: அதைக் குத்தி இறக்கும் ஊசியின் கைப்பிடி டி வடிவத்தில் இருக்கணும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி கைப்பிடி உள்ளதை நடு டயரில் குத்தி இறக்க முடியாது, உள்ளங்கை கிழியும். சொல்யூஷன் ட்யூப் ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். பயணத்துக்கு முன் அழுத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் போட்ட பிறகும் மறுநாள் காலை மானி வைத்துப் பார்க்கணும், சிலது மெல்லக் கசியும்.

மார்ச் 12

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் வைத்திருப்பவர் கேட்கிறார், "எனக்கு இன்ஃப்ளேட்டர் போதுமா?" ஸ்போக் வீல், ட்யூப் டயர் என்றால் போதாது ப்ரோ. ட்யூபில் ஆணி ஏறினால் பல சமயம் காற்று ஒரேயடியாகப் போய்விடும், மேலே சொன்ன 'அடித்துக்கொண்டே போகும்' வித்தை நடக்காது. சக்கரம் கழற்றும் ஸ்பேனர், டயர் லீவர் இரண்டு, மாற்று ட்யூப். முன் சக்கரம் 21 அங்குலம், பின் 17, இரண்டுக்கும் தனித்தனி ட்யூப். இடமில்லை என்றால் 21 அங்குல ட்யூபைப் பின்னால் சமாளித்து ஊர் வரை போகிறவர்கள் உண்டு, அது ஊர் வரைக்கும் மட்டும்தான். இவ்வளவும் எடுத்துப்போய், வீட்டு வாசலில் ஒருமுறையாவது கழற்றி மாட்டிப் பழகியிருந்தால்தான் இன்ஃப்ளேட்டருக்கு வேலையே வரும்.

மே 18

இது கொஞ்சம் வேடிக்கையானது. "மலை ஏறினால் டயரில் அழுத்தம் கூடும், காற்றைக் குறைத்துக்கொள்ளணும்" என்று ஒரு கூட்டம். "குளிரில் அழுத்தம் இறங்கும், காற்றடிக்கணும்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதும் சரி.

மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர் உயரம், ஊட்டி 2240 மீட்டர். மானி காட்டுவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ குறைவு, அதனால் மானி 3 கூட்டிக் காட்டணும். ஆனால் கீழே 34 டிகிரி, மேலே 14 டிகிரி என்றால் அந்த 20 டிகிரி குளிர் உள்ளே இருக்கும் காற்றைச் சுருக்கி கிட்டத்தட்ட அதே 3 பிஎஸ்ஐயைத் தின்றுவிடும். கீழே ஆறிய டயரில் 32 வைத்துவிட்டுப் போய், ஊட்டியில் மறுநாள் அதிகாலை பார்த்தேன். 32ஐ ஒட்டித்தான் நின்றது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதைக் கண்டுபிடிக்க இவ்வளவு கணக்கு.

வண்டி நின்றவுடன் அளக்காதீர்கள். ஓடிய டயர் சூடாக இருக்கும், 10 டிகிரி சூட்டுக்கு ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். அதைப் பார்த்துக் காற்றை விட்டால் காலையில் குறைந்து நிற்கும்.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் நாளை மறுநாள் கிளம்புகிறார். லடாக்குக்குத் தனிக் கவனம்.

டயர் அழுத்தம் பற்றிக் கவலை வேண்டாம், ஊட்டிக் கணக்கின் பெரிய வடிவம்தான். மணாலியில் காலையில் சரியாக வையுங்கள், தங்லங் லா கணவாய் மேலே ஏறினாலும் கூடும் அழுத்தத்தில் ஒரு பகுதியைக் குளிர் சரிக்கட்டிவிடும். பம்பைப் பற்றித்தான் கவலை. அந்த 5300 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். பம்பின் பிஸ்டன் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இழுப்பது கிட்டத்தட்ட பாதிக் காற்று. கோயம்புத்தூரில் மூன்று நிமிடத்தில் முடிந்த வேலை அங்கே ஆறு நிமிடத்தை நெருங்கும். மெல்லிய காற்றில் மோட்டார் ஆறுவதும் மெதுவாகத்தான். ஆக மூன்று நிமிடம் ஓட்டுங்கள், ஆறவிடுங்கள், மறுபடி ஓட்டுங்கள். அந்த இடைவெளியில் உங்களுக்கும் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

பேட்டரி பம்பு என்றால் இரவில் அறைக்குள் எடுத்துப் போங்கள். குளிரில் லித்தியம் செல் முழுத் திறனையும் தராது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லே கெடும். கீலாங் பக்கத்தில் 'தாண்டி' என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று எழுதிய பலகையை எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோலுக்கு எழுதியது, காற்றுக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 9

திரும்பி வந்துவிட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லையாம், அதற்காகப் பம்பு பையைவிட்டு வெளியே வரவே இல்லை. உடன் போனவரின் ஏர் பெட்டை ஊத மட்டும் பயன்பட்டதாம். 150 பிஎஸ்ஐ பம்பு, நினைவிருக்கட்டும்.

ஜூலை 14

ஒயரா பேட்டரியா என்று மறுபடி கேட்கிறார்கள். ஜனவரியில் இருந்த அளவு பிடிவாதம் இப்போது இல்லை. ஒயர் என்பது என் வண்டிக்கு மட்டும்தான். கூட்டமாகப் போகும்போது அடுத்தவர் டயர் இறங்கினால், என் வண்டியை அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தணும். குறுகலான மலை ரோட்டில் அது எப்போதும் முடியாது. பேட்டரி பம்பைக் கையில் கொடுத்துவிட்டு நான் டீ குடிக்கலாம். அதனால் கூட்டத்தில் ஒருவரிடம் ஒயர், ஒருவரிடம் பேட்டரி. ஆளுக்கொன்று வேண்டாம்.

தனியாகப் போகிறவர், சார்ஜ் போட மறப்பவர் என்றால் ஒயர். வண்டியில் கைவைக்கப் பிடிக்காது, வாரண்டி பயம் என்றால் பேட்டரி. மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள், மே மாத வெயிலில் டேங்க் மேல் கட்டும் கறுப்புப் பையில் விட்டுவைக்காதீர்கள்.

செப்டம்பர் 22

பம்புக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு குப்பி போதாதா என்று ஒருவர். சைக்கிள்காரர்களுக்கு அருமையான பொருள். 16 கிராம் குப்பி ஒன்றில் விரிந்தால் 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு. மேலே போட்ட கணக்கில் நமக்கு 28 லிட்டர். மூன்று குப்பி தீர்ந்தும் 30ஐத் தொடாது. ஸ்ட்ரிப் சரியாக உட்காராமல் கசிந்தால் மறுபடி மூன்று. குப்பி பனி பூத்து விரலில் ஒட்டும், உறையோடுதான் பிடிக்கணும். எடை குறைவு என்பதைத் தவிர பைக்குக்கு அதில் வேறு லாபம் தெரியவில்லை.

டிசம்பர் 1

டயர் ரிம்மைவிட்டு உள்பக்கம் கழன்றுவிட்டால்? பள்ளத்தில் பலமாக இடித்து, காற்றில்லாமல் கொஞ்ச தூரம் உருண்டால் அப்படி ஆகும். இந்தச் சின்னப் பம்புகளால் அதை மறுபடி ஏற்றி உட்காரவைப்பது கஷ்டம். ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும், இது சொட்டுச் சொட்டாகத் தரும். வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு அடித்தால் தடை குறைந்து கொஞ்சம் வேகம் கூடும். டயரின் வெளிவட்டத்தில் பை கட்டும் பட்டையை இறுக்கிக் கட்டினால் ஓரங்கள் ரிம்மை நோக்கி விரியும். சோப்புத் தண்ணீரும் வேண்டும். இத்தனை செய்தும் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஊசி கழற்றும் சாவி வைத்த வால்வு மூடி கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள், எடையே தெரியாது.

பிப்ரவரி 16, 2025

"அப்பா வீட்டில் பழைய சைக்கிள் பம்பு இருக்கிறது, அதை எடுத்துப்போகலாமா" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன். அந்த நின்றபடி அடிக்கும் பம்பில் ஒரு அடிக்குச் சுமார் 350 மில்லி காற்று. நம் 28 லிட்டருக்கு எண்பது அடி, காற்று கசிவதைச் சேர்த்தால் நூறு. ஐந்து நிமிட உடற்பயிற்சி. ஆன்லைனில் விற்கும் சாண் அளவு மினி பம்பில் ஒரு அடிக்கு நூறு மில்லிகூட வராது, அதில் முந்நூறு அடி. பெரிய பம்பின் நீளம்தான் தொல்லை. வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் பைகளுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கட்டினால் நிற்கும்.

நுனியில் சைக்கிள் மூக்கு இருந்தால் பைக் வால்வுக்கு ஏறாது, கொக்கி மூக்கு மாற்றிக்கொள், சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். இழுக்கும்போது லேசாக வந்து, அழுத்தும்போது காற்றே வராவிட்டால் உள்ளே தோல் வாஷர் காய்ந்திருக்கும். மேல் மூடியைத் திருகிக் கழற்றி, தண்டை வெளியே இழுத்து, வாஷரில் தேங்காயெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடு. அப்புறம் அதன் ஓரத்தை விரலால் கிண்ணம் மாதிரி வெளிப்பக்கம் விரித்துவிட்டு மறுபடி மாட்டு. வாஷர் கிழிந்திருந்தால் புதிதே வாங்கிப் போட்டுவிடலாம், பெரிய விலை இல்லை.